துரும்பைக்கூட எடுக்க விடமாட்டோம்

என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தபோது என் கால்களில் ஒரு குறையும் இல்லை. அன்று விடியற்காலையில்தான் வாசல் தெளித்து, இட்லி ஊற்றி, மாடிக்கு ஏறித் துணி காயப்போட்டுவிட்டு வந்திருந்தேன். ஆனாலும் உட்கார்ந்தேன். அந்த நாட்களில் நான் அப்படித்தான் இருந்தேன். நில் என்றால் நிற்பேன், கையை நீட்டு என்றால் நீட்டுவேன். எதற்கு என்று கேட்கத் தோன்றாது.

என் பெயர் பச்சையம்மாள். வயது எழுபத்து நான்கு. ஐயம்பேட்டையில் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது காஞ்சிபுரத்தில் மகன் சேகரோடு இருக்கிறேன். சேகர் எங்கள் வார்டு கவுன்சிலர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், அதைச் சொல்லி நோய்க்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. மருமகள் கவிதா ஏனாத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறாள். காலையில் ஷேர் ஆட்டோ பிடித்தால் சாயங்காலம்தான் திரும்புவாள். ஆகவே வீடு என் கையில். இதில் யார்மேலும் எனக்குக் குறை கிடையாது. சும்மா உட்கார்ந்தால் எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கும்.

வயதானவர்களுக்குப் புற்றுநோய் வந்தால், வைத்தியத்துக்கு முன்னால் செய்கிற சோதனை ஒன்று இருக்கிறது. ரத்தமும் ஸ்கேனும் இல்லாத சோதனை. அதில் நாங்கள் கோட்டை விட்டோம். வேறு யாரும் அப்படி விட்டுவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் மலத்தோடு ரத்தம் போனது. மூலம் என்று நினைத்தேன். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். துத்திக் கீரையை வதக்கித் தின்றேன், காரத்தைக் குறைத்தேன், வீட்டில் மூச்சு விடவில்லை. ரவிக்கை தொளதொளவென்று ஆனபோது கவிதாதான் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, இந்த ஜாக்கெட்ட ரெண்டு தபா புடிச்சித் தெச்சிட்டேன். மறுபடியும் தொங்குது. இன்னா மறைக்கிறீங்க?"

"ஒண்ணும் இல்லமா."

"ஒண்ணும் இல்லைன்னா டாக்டரு சொல்லட்டும். கெளம்புங்க."

சென்னை போகிற சாலையில், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு பெரிய மருத்துவமனை. அங்கே கொலனோஸ்கோப்பி என்று ஒன்று செய்தார்கள். ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலை உள்ளேயே பார்ப்பது. குழாய் பெரிய கஷ்டமில்லை, மயக்கத்தில் தெரியாது. முந்தின நாள் வயிற்றைக் கழுவக் கொடுக்கிற மருந்துத் தண்ணீர்தான் கொடுமை. வீட்டில் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்தே கால் தேய்ந்தது. குழாய் விட்டபோதே ஒரு துணுக்குச் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பெயர் பயாப்ஸி.

முடிவு வந்த அன்று அறுவை சிகிச்சை மருத்துவர் மெதுவாகத்தான் சொன்னார். பெருங்குடலின் கீழ்ப்பக்கம் கட்டி. புற்றுநோய். வேறு இடத்துக்குப் பரவவில்லை, வெட்டி எடுத்தால் குணமாக வாய்ப்பு உண்டு. கவிதா என் கையைப் பிடித்தாள். நானோ, காலையில் ஊறப்போட்ட உளுந்து இந்த வெயிலில் நாறிப்போயிருக்குமே என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். வெகுநேரம் ஒரே பக்கம் படுத்தால் கை மரத்துப்போகும் அல்லவா, தொட்டால் தெரியும், ஆனால் நம் கை என்று தோன்றாது. உடம்பு முழுக்க எனக்கு அப்படி ஆகிவிட்டது.

அழவில்லை. சாமி படத்தின் முன்னால் நிற்கவும் இல்லை. சோறு வடித்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன்.

"ஆபரேஷன் பண்றதுக்கு முன்னாடி முதியோர் மருத்துவப் பிரிவுல ஒரு மதிப்பீடு பண்ணணும்" என்று அறுவை சிகிச்சை மருத்துவர் சேகரிடம் சொல்லியிருந்தார். மதிப்பீடு என்ற வார்த்தையைக் கேட்டதும் என் மகனுக்கு அவனைத்தான் மதிப்பிடப் போகிறார்கள் என்று பட்டிருக்க வேண்டும். வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக்கொண்டான். கூடவே ஜரிகை வியாபாரம் செய்கிற முருகன், இன்னும் இரண்டு கட்சிக்காரர்கள். வாடகைக் காரை விட்டு இறங்குவதற்குள் முருகன் ஓடிப்போய் அந்தச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

"ஏண்டா, எனக்கு எதுக்குடா இது?"

"பெரிம்மா, கவுன்சிலர் அம்மா நடந்து போனா நல்லாவா இருக்கும்? உக்காருங்க."

காத்திருக்கும் இடத்தில் அதிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். ரத்தம் எடுக்க வெறும் வயிறு வேறு. சுற்றி ஒரே முகங்கள். ஒரு பெரியவர் எக்ஸ்ரே உறையால் விசிறிக்கொண்டிருந்தார். ஒரு அம்மா, டோக்கன் எண் கூப்பிடும்போதெல்லாம் தன் எண் இல்லாவிட்டாலும் எழுந்து உட்கார்ந்தாள். யாரும் யாரையும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. என் பெயரைக் கூப்பிட்டபோது இரண்டு காலும் நிஜமாகவே மரத்துப்போயிருந்தன.

முதியோர் மருத்துவர் வித்யா சின்னப் பெண். கழுத்தில் மெல்லிய சங்கிலி, காலில் ஷூ. "வாங்க பாட்டிம்மா" என்றாள். பாட்டியாம். வந்ததும் வராததுமாக.

அவள் விளக்கியதை அப்படியே சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

"எழுபத்து நாலு வயசுங்கிற கணக்கு மட்டும் எங்களுக்குப் போதாது. அந்த வயசுல மலை ஏறுறவங்களும் இருக்காங்க, படுத்த படுக்கையா இருக்கறவங்களும் இருக்காங்க. உங்க உடம்பு எவ்வளவு தாங்கும்னு பார்த்துட்டுதான் பெரிய ஆபரேஷனா, சின்ன வைத்தியமா, மருந்து எவ்வளவுன்னு முடிவு பண்ணுவோம். அதனால நெறைய கேள்வி கேப்பேன், கோச்சுக்காதீங்க."

கைப்பிடி ஒன்றைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள், அது பலத்தைக் காட்டுமாம். மூன்று வார்த்தை சொல்லி நினைவில் வைக்கச் சொன்னாள், மல்லி, நாற்காலி, ரயில். நடுவில் ஒரு கடிகாரம் வரைந்து முள் வைக்கச் சொன்னாள். பிறகு அந்த மூன்று வார்த்தையைத் திருப்பிக் கேட்டாள். இது ஞாபக சக்திக்கு. வீட்டில் நான் தின்கிற மாத்திரை எல்லாவற்றையும் பையோடு கொட்டச் சொன்னாள். அதில் ஒரு விஷயம் கண்டுபிடித்தாள். ஒரே ரத்தக்கொதிப்பு மாத்திரையை இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு கடையில் வாங்கி, நான் இரண்டையும் போட்டுக்கொண்டிருக்கிறேன். எழுந்திருக்கும்போது தலை சுற்றியதற்கு அதுதான் காரணம். அதற்காகவே அவளுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அடுத்து நடை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து, தரையில் ஒட்டிய கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். எழுந்தேன். உடனே சேகர் இடது கையைப் பிடித்தான், முருகன் வலது கையை.

"விட்டுடுங்க சார், அவங்களே நடக்கட்டும்."

"வுழுந்துடுவாங்க மேடம்."

"விழுந்தா நான் பிடிச்சுப்பேன்."

விட்டார்கள். ஆனால் இருபக்கமும் கையை விரித்துக்கொண்டு கூடவே வந்தார்கள், ஏதோ தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் போல. மரத்த காலோடு, இவர்கள் காலை மிதித்துவிடுவேனோ என்று பார்த்துப் பார்த்து நடந்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்து எதையோ கணினியில் தட்டினாள்.

பிறகுதான் அந்தக் கேள்விகள்.

"தானா குளிப்பாங்களா?"

"என் வொய்ஃப் பாத்துக்கிறாங்க மேடம்" என்றான் சேகர்.

"சமையல்?"

"சமையலா? எங்கம்மாவையா? நாங்க உக்கார வச்சி பாத்துக்கினு இருக்கோம் மேடம். ஒரு துரும்பக்கூட எடுக்க வுட்டதில்ல."

"துணி துவைக்கிறது, கடைக்குப் போறது?"

"சான்ஸே இல்ல. வார்டுல யார வேணா கேளுங்க."

முருகன் தலையை ஆட்டி ஆட்டிச் சாட்சி சொன்னான். வித்யா என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. எல்லாம் அவங்கதான் செய்றாங்களா?"

சேகர் முகத்தைப் பார்த்தேன். அவன் பொய் சொல்கிறவன் முகத்தோடு நிற்கவில்லை. நம்பி நின்றான். எங்கள் ஊரில் பெற்றவளைப் பற்றிக் கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிள்ளை பிள்ளையே இல்லை. நான்கு பேர் முன்னால் அவன் வாயை எப்படி அடைப்பது?

"ஆமாமா" என்றேன்.

"மனசு எப்படி இருக்கு? கவலையா, எதுலயும் பிடிப்பு இல்லாம?"

"அதெல்லாம் இல்ல, ஹேப்பியா இருக்காங்க" என்று அதற்கும் சேகரே சொல்லிவிட்டான்.

சில நாள் கழித்து அறுவை சிகிச்சை மருத்துவர் கூப்பிட்டனுப்பினார். மருத்துவர்கள் எல்லோரும் கூடிப் பேசி எடுத்த முடிவாம். "அம்மாவோட மதிப்பீடு அவ்வளவு நல்லா வரலை. நடை ரொம்ப மெதுவா இருக்கு, அன்றாட வேலை எதுக்கும் அடுத்தவங்க வேணும்னு இருக்கு. இந்த நிலைமையில பெரிய ஆபரேஷன் பண்ணா மேஜை மேலயோ அப்புறமோ சிக்கலாகலாம். குடல் அடைக்காம இருக்க உள்ள ஒரு குழாய் வெச்சுட்டு, வலி இல்லாம பாத்துக்கலாம்."

"கொணமாவுமா டாக்டர்?" என்று கவிதா கேட்டாள்.

"கட்டி இருக்கும். கஷ்டமில்லாம எவ்வளவு நாள் முடியுமோ பார்ப்போம்."

சேகர் பெருமூச்சு விட்டான். "கத்தி வெக்கலன்னா சரிதான் சார். இந்த வயசுல அவங்கள அறுக்க வேணாம்."

கவிதா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். என்ன சொன்னார்கள் என்பது காதில் விழுந்தது, அது என்னைப் பற்றியது என்றும் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து கீரை ஆய்ந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வட்டச் செயலாளர் ஆட்களோடு என்னைப் பார்க்க வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ், காமாட்சியம்மன் குங்குமம் எல்லாம் வந்தது. அவ்வளவு பேருக்கும் காபி போட வேண்டும். பெரிய பாத்திரத்தில் பால் வைத்து, டிகாக்‌ஷன் இறக்கிக்கொண்டிருந்தேன். முன் அறையில் பேசுவது கேட்டது.

"அம்மா எங்கப்பா?"

"உள்ள படுத்துக்கினு இருக்காங்கண்ணே. எழுந்து உக்காரவே நாங்க வுடறதில்ல."

முதல் சுற்றுக் காபியை ஆற்றி டம்ளர்களில் ஊற்றினேன். கவிதா தட்டை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "அத்தை, நான் போய்ச் சொல்லிடட்டா?" என்றாள் மெதுவாக.

"ஆறிடும், எடுத்துனு போ."

இரண்டாம் சுற்றுக்குப் பாலை மறுபடி அடுப்பில் ஏற்றினேன். சேகர் உள்ளே ஓடி வந்தான். "எம்மா, சீக்கிரம் வந்து படு. அவரு பாக்கணுன்றாரு."

கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் போய்ப் படுத்தேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். எல்லோரும் உள்ளே வந்தார்கள். வட்டச் செயலாளர் ஒரு பொன்னாடையை விரித்து, படுத்திருந்த என்மேல் போட்டார். உட்கார்ந்திருந்தால் தோளில் போடுவார்கள், படுத்திருந்ததால் நெஞ்சிலிருந்து கால்வரை போட்டுவிட்டார். எல்லோரும் கைகட்டி நின்றார்கள். முருகன் போட்டோ எடுத்தான். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. எழுந்துபோய் அணைக்க வழியில்லை, நான் நோயாளி.

அவர்கள் போன பிறகு அடுப்பைத் துடைத்தேன். கருகிப்போன பால் லேசில் போகாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். முருகன் அந்தப் போட்டோவை வாட்ஸ்அப்பில் போட்டிருந்தான். கவிதா தன் போனில் காட்டினாள். நடுவில் கட்டில், மேலே சால்வை, சுற்றிலும் தலை குனிந்த ஆட்கள். மாலை ஒன்றுதான் குறை.

எனக்குக் கோபம் வந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு! காதெல்லாம் சூடானது. யார்மேல் கோபம் என்று அப்போதும் பிரிக்கத் தெரியவில்லை. சேகர்மேலா, அந்த 'ஆமாமா' சொன்ன என்மேலா? ஒன்று மட்டும் தெரிந்தது. இத்தனை பேருக்குக் காபி போட முடிந்த உடம்பு ஒரு ஆபரேஷனைத் தாங்காது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதை மாற்ற வேண்டுமானால் என் மகன் சொன்னது பொய் என்று நானே போய்ச் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை சாம்பாரும் பொரியலும் செய்து மூடி வைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவதைக் கவிதாவிடம் மட்டும் சொன்னேன். அவள் தண்ணீர் பாட்டிலை நிரப்பி என் பையில் வைத்தாள். பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு பஸ், அங்கே இறங்கி இன்னொன்று. உட்கார இடம் கிடைத்தது பாதி வழிக்குப் பிறகுதான். மருத்துவமனையில் லிஃப்டுக்குக் கூட்டம். மூன்றாவது மாடிக்குப் படியேறினேன், நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன், பொய் சொல்வானேன்.

வித்யா என் பின்னால் கதவைப் பார்த்தாள். "கூட யாரும் வரலியா?"

"நான்தான் வந்துகிறேன்."

"எப்படி வந்தீங்க?"

"பஸ்ஸுலதான்."

"வீல்சேர் இல்லாமலா?"

"அது எனக்கு இல்லமா, என் மவனுக்கு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நான் சொன்னேன். "அன்னிக்கு அவன் சொன்னது எதுவும் நெசம் இல்ல. வீட்டுல அத்தனையும் நான்தான் செய்யிறேன். அவன் கெட்டவன் இல்லமா. எங்க ஊருல அம்மாவ வேலை வாங்குறேன்னு எந்தப் புள்ளயும் சொல்லமாட்டான். அது மானக்கேடு. நீ அத நம்பிட்ட."

அவள் சிரிக்கவில்லை. "தப்பு என்மேலதாம்மா. உங்களத் தனியா உக்கார வெச்சுக் கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன்" என்றாள். அப்போதே எல்லாவற்றையும் மறுபடி செய்தாள். யாரும் பிடிக்காமல் அந்தக் கோட்டுவரை போய் வந்தேன். கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள், குளியல், சமையல், துணி, கடை, மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் நானே, நானே என்றேன். மனசைப் பற்றியும் கேட்டாள்.

"தெரியலமா. அழுகையும் வரல, பயமும் வரல. ஒண்ணுமே வரல."

"அதையும் கவனிக்கணும், அதுவும் வைத்தியத்துல சேர்ந்ததுதான்" என்று தட்டிக்கொண்டாள். கடைசியாக ஒன்று கேட்டாள். "ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச மாசம் உங்களால எதுவும் முடியாது. அப்ப வீட்டுல உங்கள யார் பாத்துப்பாங்க?"

அந்த வீட்டில் எல்லோரையும் பார்த்துக்கொள்கிறவள் நான். என்னை யார் பார்த்துக்கொள்வது என்று இதுவரை ஒருவரும் யோசித்ததில்லை, நான் உட்பட.

"தெரியலமா" என்றேன்.

அவள் சேகருக்குப் போன் போட்டாள். வந்தான், தனியாக, சட்டை கசங்கி. கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்து, "மானத்த வாங்கிட்டியேம்மா" என்றான், அடிக்குரலில்.

"மானம்தான போச்சி. உக்காரு."

வித்யா அவனுக்கு எடுத்துச் சொன்னாள். அன்றைய பதில்களால் ஆபரேஷன் வேண்டாம் என்றானது, இன்றைய பதில்களை வைத்து மறுபடி பேசலாம், கட்டியை எடுத்தால் அம்மா பிழைக்க வழியுண்டு. கேட்கக் கேட்க அவன் முகத்தில் ரத்தம் வற்றியது. தான் சொன்னது என்ன செய்தது என்று அப்போதுதான் புரிந்தது போலும். "ஆனா ஒண்ணு தெரியணும். வீட்டுல பாத்துக்க யார் இருக்காங்க?" என்றாள்.

அவன் வழக்கமாகப் பேசுகிற ஆள். மைக் கிடைத்தால் விடமாட்டான்.

"நான் இருக்கிறேன் மேடம்" என்றான். அவ்வளவுதான்.

முடிவு மாறியது. ஆபரேஷனுக்கு முன் சில வாரம் உடம்பைத் தயார் செய்யச் சொன்னார்கள். தினம் முட்டை, பயறு, நடை, உட்கார்ந்து எழும் பயிற்சி. மூச்சுக்கு ஒரு கருவி, உள்ளே மூன்று பந்து, உறிஞ்சினால் மேலே எழும்பும். சேகரும் உறிஞ்சிப் பார்த்தான், அவனுக்கு ஒன்றுதான் எழும்பியது. பீடி குடிக்கிறவனுக்கு அவ்வளவுதான்.

ஆபரேஷன் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது வயிற்றின் ஓரத்தில் பை. வெட்டி ஒட்டிய குடல் ஆறுகிற வரைக்கும் மலம் அந்த வழியாகப் போகாமல், குடலின் ஒரு பகுதியை வெளியே இழுத்துத் தோலில் தைத்து, அதன்மேல் பையை ஒட்டியிருந்தார்கள். சில மாதத்தில் எடுத்துவிடலாம் என்றார்கள். செலவில் பாதியைக் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது. மீதிக்கு சேகரின் புல்லட் போனது. கவுன்சிலர் இப்போது நடந்துதான் வார்டைச் சுற்றுகிறார்.

ஒன்றை முன்பே வித்யா சொல்லி வைத்திருந்தாள். வயதானவர்களுக்கு ஆபரேஷன் ஆன பிறகு சில நாள் மூளை குழம்பலாம், பயப்பட வேண்டாம், கண்ணாடியை மாட்டிவிடுங்கள், தெரிந்த முகம் பக்கத்தில் இருக்கட்டும் என்று. எனக்கு அப்படித்தான் ஆனது. வார்டு முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தட்டோடு நின்றார்களாம். "வரிசையில நில்லுங்கடா" என்று கத்தினேனாம். சேகரைப் பார்த்து, "நீ எந்தக் கிளாஸுடா, தட்டு எங்க?" என்றேனாம். எனக்கு நினைவில்லை. அப்புறம் அவனையே கேட்டேன்.

"நீ இன்னாடா பண்ண?"

"வரிசையில நின்னேன். வேற இன்னா பண்றது? நீ முட்டையே குடுக்கலம்மா."

அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. அவனாவது அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

பையை எப்படிக் காலி செய்வது, கழுவுவது, மாற்றுவது என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். முதல்தடவை சேகர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். கவிதா முந்தானையைச் செருகினாள். அவன் திரும்பி வந்து, "நீ வேலைக்குப் போவணும் கவிதா. நான் கத்துக்கிறேன், தள்ளு" என்றான். கற்றுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த பிறகு காலையில் கவிதா போனதும் அவன் கதவைச் சாத்திவிடுவான். வார்டு ஆட்கள் வந்தால் ஜன்னல் வழியாகவே, "பதினோரு மணிக்கு வாங்கப்பா, மீட்டிங்கு" என்பான். வெந்நீர் வைப்பான், நாற்காலியில் உட்கார வைத்து ஊற்றுவான், பையை மாற்றுவான், சோறு வடிப்பான். பெற்ற மகன் முன்னால் புடவையை அவிழ்த்து உட்காருவது எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். கண்ணை மூடிக்கொள்வேன். அவனும் மூடிக்கொண்டுதான் ஊற்றுகிறானோ என்னவோ, பாதித் தண்ணீர் வெளியேதான் போகும். அதற்கும் திட்டியிருக்கிறேன்.

மருந்து ஏற்றுவதற்கு முன்னால், அதாவது கீமோதெரபி, மிச்சம் மீதி நோயணுக்களைக் கொல்லுகிற மருந்து, அதற்கு முன்னால் மறுபடி அதே மதிப்பீடு. எவ்வளவு மருந்து தாங்குவேன் என்று பார்ப்பதற்கு. இந்த முறை கார் முருகனுடையது. அவனும் உள்ளே வந்து கதவோரம் நின்றான். நடையெல்லாம் முடிந்தது. வித்யா கேள்விக்கு வந்தாள்.

"தானா குளிக்கிறீங்களா?"

சேகர் வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்து கைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்துபோயிருந்தது. முருகனுக்குத் தெரியாது, வார்டில் ஒருவருக்கும் தெரியாது. செய்யாதபோது ஊருக்கெல்லாம் மார்தட்டிச் சொல்லத் தெரிந்தவனுக்கு, செய்கிறபோது சொல்ல வாய் வரவில்லை. நானே குளிக்கிறேன் என்று சொன்னால் அவன் தப்பிப்பான், நானும் தப்பிப்பேன். ஆனால் போன தடவை ஒரு 'ஆமாமா' என்ன செய்தது என்று பார்த்துவிட்டேன்.

"என் மவன் ஊத்துறான்" என்றேன்.

கதவோரம் முருகன் அசைந்தான்.

"பை மாத்துறது?"

"அவன்தான்."

"துணி?"

"அவன்தான் தொவைக்கிறான். ஒரு துரும்பக்கூட என்ன எடுக்க வுடறதில்ல."

முகத்தைத் துடைத்தேன், கை ஈரமானது. வித்யா தட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"சமையல்?" என்றாள்.

"அதுவும் அவன்தான். வாயில வெக்க முடியலமா, அதையும் சேத்து எழுதிக்கோ."